பிரேக் மிதிக்க ஆளில்லை

புதுப்பாளையம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மச்சான் செந்தமிழ்செல்வன் அவர்களுக்கு,

உன் அக்காள் புருஷனும், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியருமாகிய கார்த்திகேசன் எழுதிக்கொள்வது. அவர்கள் என்று போட்டது பழக்கதோஷம். கோபத்தில் எழுதுவதால் இனி நீ என்றே எழுதுகிறேன். இங்கு நான் நலமாக இல்லை. அங்கு நீயும், உன் சம்சாரம் கயல்விழியும், உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி மலர்க்கொடியும் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கயல்விழி வாட்ஸப்பில் போடும் ஸ்டேட்டஸைப் பார்த்தாலே தெரிகிறது. நேற்றுகூட மூன்று பேரும் பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீரைக் கண்டால் பயம் என்று உன் அக்கா கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லி வந்திருக்கிறாள். என்னோடு வந்தால்தான் பயம் போலிருக்கிறது.

போனில் பேசாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் தாள் வாங்கப் போகிறேன்? மூச்சிரைக்க மூச்சிரைக்க நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போடுகிறாய். மாமன் வயிறெரிந்து பேசுகிறேன், அதற்குக் கட்டைவிரலா பதில்? உன் அக்காவோ என் நம்பரைப் பார்த்ததும் போனைக் கயல்விழி கையில் கொடுத்துவிடுகிறாள். கயல்விழி "அண்ணி குளிக்கறாங்கண்ணா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாள், மத்தியானம் கூப்பிட்டாலும் குளிக்கிறாள். சிதம்பரத்தில் அவ்வளவு தண்ணீரா வருகிறது? பெங்களூரில் இருக்கும் எங்கள் பெண் சுவேதாவிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தால், அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க ரொம்ப டாக்ஸிக்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியை உடனே கடலூருக்கு அனுப்பி வைக்கவும். எதற்கு என்றால், காரில் பிரேக்கை மிதிக்க. வேறு எதற்கும் இல்லை. சமையலுக்கு இல்லை, பேச்சுத் துணைக்கு இல்லை. பிரேக் மிதிக்க ஆளில்லாமல் கார் வாசலில் கிடக்கிறது.

அந்தக் காரே நீ கொடுத்ததுதான். நீ அதை மறந்திருக்க மாட்டாய், ஊர் பூராவும் சொல்லிக்காட்டுகிற ஆளாச்சே. புதுக் கார் வாங்கின கையோட பழசக் கொண்டாந்து எங்க வாசல்ல நிறுத்தி, சாவிய என் கையில குடுக்காம உன் அக்கா கையில குடுத்து, "இனிமே நீ பஸ்ல இடிபட வேணாங்க்கா"ன்னுட்டுப் போன. அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டப் போறவன் நான். ஆனா சாவி அவளுக்கு. அன்னிக்கே எனக்குச் சுருக்குன்னுச்சி, சொந்தத்துக்குள்ள எதுக்குன்னு வாய மூடிக்கிட்டேன். "டயர் புதுசு மாமா, பேட்டரி புதுசு மாமா, பாட்டு போட்டா கணீர்னு கேக்கும் மாமா"ன்னு அடுக்கினியே, பிரேக் ஆயில் எப்ப மாத்தினேன்னு ஒரு வார்த்த சொன்னியா? எப்படிச் சொல்லுவ, நீ மாத்தினாத்தானே. பாட்டு கணீர்னு கேக்குது மச்சான், வண்டிதான் நிக்க மாட்டேங்குது.

உன் மாடி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்துட்டு நாங்க திரும்பினமே, அன்னிக்கு நடந்தத உன் அக்கா அவ பங்குக்குச் சொல்லியிருப்பா. என் பங்கையும் கேளு. ரோடு பூரா வேல நடக்குது, அடிக்கு ஒரு தடவ பிரேக்கு. ஆலப்பாக்கம் தாண்டினதும் எனக்கு முன்னால கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு ஆடி அசஞ்சி போவுது. ஏறவும் வழியில்ல, ஒதுங்கவும் வழியில்ல. திடீர்னு நின்னுட்டான். நான் மிதிச்சேன். கால் போவுது, போவுது, போயிக்கிட்டே இருக்குது மச்சான், அடியில தகரம் தட்டற வரைக்கும் போவுது, வண்டி நிக்கல. ஹேண்ட்பிரேக்க ரெண்டு கையாலயும் இழுத்தேன். கரும்புத் தோகை முன்கண்ணாடியில சரசரன்னு உரசி நின்னுச்சி. உன் வீட்டுல கட்டிக் குடுத்த கத்திரிக்கா கொத்சு தூக்கோட கவுந்து வண்டி பூரா கொத்சு. இன்னிக்கும் ஏசி போட்டா அந்த வாசனதான். உன் அக்கா கத்தல, அழல. மடியில வழிஞ்ச கொத்ச தொடச்சிக்கிட்டே, "பிரேக் போடறப்ப உங்க கால் ரொம்பக் கீழ போவுதுன்னு நான் போன மாசமே சொன்னேனே"ன்னா. வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்தி, பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்கிட்டு என் காலையே கவனிச்சிக்கிட்டு வந்திருக்கா. இப்படி வேவு பாத்தா மனுஷன் எப்படி நிம்மதியா வண்டி ஓட்டறது?

முதுநகர்ல மெக்கானிக் சார்லஸ் இருக்கானே, என்கிட்ட படிச்சவன், அவனுக்குப் போன் போட்டேன். "பிரேக் ஆயில் கெட்டுப் போயிருக்கும் சார், மாத்தணும், புதன்கிழம கொண்டாங்க"ன்னான். எந்தப் புதன்கிழமன்னு கேட்டேன். சிரிக்கிறான். நூறு மீட்டர் ஓடச் சொன்னா வயித்த வலின்னு வேப்பமரத்தடியில ஒக்காந்தவன் அவன். அவன நம்பி உயிர ஒப்படைக்கறதான்னு, நானே மாத்தறதுன்னு முடிவு பண்ணேன். அந்த வாரம் பூரா யூடியூப்தான். சாப்பிடறப்பவும் பாத்தேன். உன் அக்கா சமையல்கட்டுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பிரேக் ஆயில் பிரேக் ஆயில்ங்கறமே, அது ஆயிலே கெடையாது மச்சான். நீ பி.காம். படிச்சவன், தெரிஞ்சிக்க. நாம கால்ல அமுக்கற அமுக்கல அப்படியே நாலு சக்கரத்துக்கும் கொண்டு போறது அந்தத் தண்ணிதான். அதுக்கு ஒரு கெட்ட கொணம், காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுமே அந்த மாதிரி. கடலோரத்துல கேக்கவே வேணாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடணுமாம். மாத்தலன்னாலும் சும்மா ஓடறப்ப ஒண்ணும் தெரியாது. அடிக்கடி பிரேக் போட்டுச் சூடேறினா, உள்ள சேந்த ஈரமெல்லாம் கொதிச்சி ஆவியாயிடும். தண்ணி அமுங்காது, ஆவி அமுங்கும். அப்ப நீ எவ்ளோ மிதிச்சாலும் கால்தான் கீழ போவும், சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது. வருஷக்கணக்கா உள்ள சேந்துக்கிட்டே இருக்கும், வெளியில பாக்கறவனுக்கு எல்லாம் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும்னு அந்த வீடியோக்காரன் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பானெட்டத் தொறந்து பிரேக் ஆயில் இருக்கற அந்தக் குட்டி டப்பாவப் பாத்தேன். வெளிர் மஞ்சளா இருக்க வேண்டியது, ரெண்டாந்தரம் கொதிக்க வச்ச டிகாக்‌ஷன் மாதிரி கருத்துக் கெடக்கு. எந்த நம்பர் ஊத்தணும்னு மூடி மேலயே போட்டிருந்துச்சி, அதே நம்பர் பாத்துப் புது டின் வாங்கியாந்தேன். டின்னுல செவப்பு எழுத்துல எச்சரிக்க, டாக்ஸிக்காம். சுவேதா என்னைச் சொன்ன அதே வார்த்த. இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் சீட்டுல ஒக்காந்து பெடல அழுத்திப் புடிச்சிக்கணும். இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு, தண்ணிய வெளிய விடற நிப்பிளுங்கற குட்டித் திருகத் தொறக்கணும், பழைய தண்ணி ட்யூப் வழியா பாட்டில்ல எறங்கும், நிப்பிள மூடணும், மூடின பிறவுதான் அவுங்க கால எடுக்கணும். முன்னால எடுத்துட்டா வெளிக்காத்து உள்ள போயிடும். காத்து போச்சின்னா பிரேக் பஞ்சு மாதிரி ஆயிடும். அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சைகை வேணுமா இல்லியா? கீழ படுத்துக்கிட்டுக் கத்தினா மேல கேக்குமா? என் விசில எடுத்தேன். ஒரு விசில்னா அழுத்து, ரெண்டு விசில்னா விடு. ரிட்டயர் ஆவற வரைக்கும் இந்த ஒரு விசில்ல ஆயிரம் புள்ளைங்கள ஓட விட்டு நிறுத்தினவன் நான். பொண்டாட்டி ஒருத்திய நடத்த மாட்டனா?

உள்ளதச் சொல்றேன், மொத சக்கரம் ரொம்ப நல்லாப் போச்சி. டிரைவர் சீட்டுக்கு ரொம்ப தூரத்துல இருக்கறது பின்பக்கத்து எடது சக்கரம், அதுலேருந்துதான் ஆரம்பிக்கணும். ஊதினேன், அழுத்தினா. ஊதினேன், விட்டா. கருப்புத் தண்ணி போயி மஞ்சத் தண்ணி வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. "மலரு, புதுசு வருது!"ன்னு கத்தினேன். அவளும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சி நான் பாத்து நாளாச்சி. ரெண்டாவது சக்கரத்துல "முட்டி வலிக்குதுங்க"ன்னா. இன்னும் ரெண்டே சக்கரம், பல்லக் கடிச்சிக்கன்னேன். வெளையாட்டுல அப்படித்தான் சொல்லுவோம். மூணாவதுல பெடல் பொசுக்குன்னு உள்ள போயிடுச்சி. இவ ரெண்டாவது விசிலுக்கு முன்னயே கால எடுத்துட்டான்னு நெனச்சி நீளமா ஒண்ணு விட்டேன், ஃபவுல் பண்ணினா விடுவனே, அந்த விசில். தெருவுல கிரிக்கெட் ஆடினவன்லாம் ஆட்டத்த நிறுத்திட்டான். எதிர் வீட்டு தில்லையம்மாள் தேங்கா துருவினதப் பாதியில போட்டுட்டு கேட்டுக்கு வந்துடுச்சி. "கால எடுத்தியா இல்லியா?"ங்கறேன். "எடுக்கல"ங்கறா. "எடுத்த!" "எடுக்கலங்க!" என் பேச்சையே மறுக்கறாளேன்னு திரும்ப ஊதறேன். அப்பத்தான் கேக்கறா மச்சான், நெதானமா, நாலு பேர் கேக்கற மாதிரி, "மேல இருக்கற டப்பாவுல அப்பப்ப புதுசு ஊத்திக்கிட்டே இருக்கணும்னு அந்த வீடியோல சொன்னானே, ஊத்தினீங்களா?"

ஊத்தல. டப்பா காலி. காலியான டப்பா வழியா காத்து உள்ள எறங்கி, அதுவரைக்கும் பண்ணினதெல்லாம் வீணு. நான் கேக்கறேன், நீயே நியாயம் சொல்லு, அடியில படுத்துக் கெடக்கறவன் மேல எப்படி ஊத்துவான்? மேல இருக்கறவ தானே ஞாபகப்படுத்தணும்? வீடியோல சொன்னது இவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா காலி ஆவற வரைக்கும் வாயத் தொறக்கல. தொறந்தா நீங்க எங்க பேச விடறீங்கன்னு ஒரு கேள்வி வேற. நான் டப்பாவ ரொப்பிட்டு, மொத சக்கரத்துக்கிட்ட போயி மறுபடி படுத்து, ஒரு விசில் ஊதினேன். பெடல் அசையல. இன்னொண்ணு ஊதினேன். அசையல. எட்டிப் பாத்தா இவ தில்லையம்மாள்கிட்ட பேசிக்கிட்டிருக்கா. "குக்கர் விசில் அடிச்சாலாவது அடுப்ப அணைக்கலாங்க்கா. இவுரு அடிச்சா நான் எத அணைக்கறது?" தெருவே சிரிச்சிச்சி. என்கிட்ட அடி வாங்கின பயலுங்கல்லாம் சிரிச்சானுங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பறம் எறங்கினா. கதவ மெதுவா சாத்தினா. அறஞ்சி சாத்தியிருந்தாலும் பதிலுக்கு ஊதியிருப்பேன். அவ சொன்னத அப்படியே எழுதறேன், உன்கிட்ட மாத்திச் சொல்லியிருந்தா தெரிஞ்சிக்க. "கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க அழுத்துன்னா அழுத்தினேன், விடுன்னா விட்டேன். வாயால சொன்னீங்க, செஞ்சேன். இப்ப அதுக்கும் விசிலா? எனக்கு ஒரு பேர் இருக்குங்க." இதான் அவ சொன்னது. நான் பதிலுக்கு, "அப்ப அந்த நாலு சக்கரம்?"னேன். இதுல என்ன தப்பு? வேல பாதியில நிக்குதுல்ல? உள்ள போனவ கோவம் தணிஞ்சி வருவான்னு பாத்தா, இட்லித் துணியக் கையில புடிச்சிக்கிட்டு வர்றா. அந்தப் பிரேக் ஆயில் பெயின்ட்டுல பட்டா பெயின்ட் உரிஞ்சிடும் மச்சான், உனக்குத் தெரியாது. முன்பக்கம் கொஞ்சம் சிந்திடுச்சி, அவசரத்துக்குக் கையில கெடச்சதால தொடச்சேன். அது இட்லித் துணின்னு எனக்கென்ன தெரியும், வெள்ளையா இருந்துச்சி. பெயின்ட்டும் போச்சி, துணியும் போச்சி. பாட்டில்ல இருந்த பழச எங்க கொட்டறதுன்னு தெரியாம பின்னால கறிவேப்பிலச் செடி ஓரமா ஊத்தினேன். அதையும் பாத்துட்டா. பைய எடுத்தா, பொடவ நாலு வச்சா, ஆட்டோவக் கூப்பிட்டா.

ஆட்டோ தெருமுன திரும்பறப்ப நான் ஊதினேன். நீளமா. நில்லுன்னு அர்த்தம். ஆட்டோ நின்னுச்சி மச்சான். நின்னது டிரைவரு, அவனும் என்கிட்ட படிச்சவன் போல. இவ தலைய நீட்டி, "நீ போப்பா, அது எனக்கு"ன்னா. ஆட்டோ போயிடுச்சி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி யோசிச்சிட்டுத் திரும்பிடுவான்னு கேட்டத் தொறந்தே வச்சிருந்தேன். ராத்திரி நாய் வந்து படுத்துக்கிச்சி.

பிறவு நான் சும்மா இல்ல. தனியாவே முடிச்சிடலாம்னு என் பழைய ஹாக்கி மட்டைய எடுத்து ஒரு முனைய பெடல்லயும் இன்னொரு முனைய சீட்டுலயும் முட்டுக் குடுத்தேன். நல்லாத்தான் நின்னுச்சி. கீழ போயிப் படுத்து நிப்பிள்ள கைய வச்சதும் மட்ட வழுக்கி ஸ்டியரிங்குல சிக்கி ஹாரன் அடிக்க ஆரம்பிச்சிடுச்சி. விடாம அடிக்குது. பேட்டரி புதுசுன்னு நீ சொன்னது மட்டும் உண்ம. தெரு மொத்தமும் வந்துடுச்சி. யார் வீட்டுலயாவது ஒரு ஆள அனுப்புங்க, பெடல மிதிச்சிட்டுப் போவட்டும்னு கேட்டேன். தில்லையம்மாள், "எங்க வீட்டுல யாரும் விசிலுக்கு வர மாட்டாங்க வாத்தியாரே"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சி. மத்தவங்களும் ஆளுக்கொரு வேலையச் சொல்லிக் கலஞ்சிட்டாங்க. ஆயிரம் பேர ஓட விட்டவனுக்கு ஒரு பெடல் மிதிக்க ஒரு கால் கெடைக்கல இந்த ஊருல. மெஸ்ல சாப்பிடறேன். அவுங்க ரசத்துல தண்ணிக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியல. வீட்டுக்கு வந்தா டிவிய நான்தான் போடணும், நான்தான் நிறுத்தணும். சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொறைங்கன்னு சொல்றதுக்கு ஆளில்ல, அதனால ஜாஸ்தியாவே வச்சிருக்கேன்.

ஆகவே மச்சான், கடைசியாகவும் கண்டிப்பாகவும் எழுதுகிறேன். தப்பு முழுக்க உன்னுடையது. காலாகாலத்தில் நீ பிரேக் ஆயிலை மாற்றியிருந்தால் கரும்பு டிராக்டர் இல்லை, கொத்சு இல்லை, விசில் இல்லை, உன் அக்கா என் வீட்டில் இருந்திருப்பாள். உங்கள் வீட்டில் அவளுக்கு ராஜமரியாதை நடப்பது தெரிகிறது. படகு, சிரிப்பு, எல்லாம் நடக்கட்டும். ஆனால் பெடல் மிதிக்க ஒரு நாளைக்கு அனுப்பி வை. நாலு சக்கரமும் முடிந்த மறுநிமிஷம் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன், தடுக்க மாட்டேன். நான் வந்து கூப்பிட வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. எனக்கும் மானம் இருக்கிறது. பைப்பில் காற்றை வைத்துக்கொண்டு காரில் வர முடியாது, பஸ்ஸில் இடிபட்டு வரும் எண்ணமும் இல்லை. இந்த ஜென்மத்தில் நான் சிதம்பரம் மண்ணை மிதிப்பதாக இல்லை.

உன் மாடி வீடு மழைக்கு ஒழுகாமல் இருக்கவும், உன் வியாபாரம் பெருகவும், கயல்விழியின் போன் தண்ணீரில் விழவும், பெரியவன் என்ற முறையில் மனமார வாழ்த்துகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். ஒருத்தியை மட்டும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன் என்ற பதவியில் இன்னமும் இருப்பதாக நம்பும்,
ந. கார்த்திகேசன்

பின்குறிப்பு: மேல இருக்கறது காலையில எழுதினது. இத சாயங்காலம் உன் தெருமுனையில, காருக்குள்ள ஒக்காந்து எழுதறேன். ஆமாம், கார்லதான் வந்தேன். பைப்புல காத்தெல்லாம் இல்ல. போன வாரமே சார்லஸ் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிச் சரி பண்ணிக் குடுத்துட்டான். அங்க ஒண்ணு பாத்தேன் மச்சான், அதச் சொல்லத்தான் இந்தத் தாளோட அடியில எடம் விட்டிருக்கேன் போல. அவனுக்குச் சாப்பாடு கொண்டாந்த அவன் பொண்டாட்டிய, "ரேகா, சித்த ஏறி ஒக்காரு"ன்னான். அந்தப் பொண்ணு சீட்டுல ஒக்காந்து யார் மேலயோ கொற சொல்லிக்கிட்டே இருந்துச்சி. இவன் அடியில படுத்துக்கிட்டு "ம்", "ம்"முனு கேட்டுக்கிட்டே இருந்தான். அழுத்துன்னும் சொல்லல, விடுன்னும் சொல்லல. பெடல் பாட்டுக்குப் போவுது, வருது. நடுவுல, "மேல டப்பாவுல ஊத்திக்கய்யா"ன்னு அது சொல்லிச்சி, எழுந்து ஊத்தினான். நாலு சக்கரமும் முடிஞ்சிடுச்சி, அது சொல்ல வந்த கொற முடியல. நான் அவன் பட்டறை வாசல் வேப்பமரத்தடியில பழைய டயர் மேல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

பிரேக் இப்ப கல்லு மாதிரி இருக்கு. தொட்டா நிக்குது. மிதிக்க எனக்கு ஆள் தேவையில்ல. பிரேக் மிதிக்க ஆள் வேணும்னு கேக்க எனக்கு வருது, மத்தத எப்படிக் கேக்கறதுன்னு இத்தன வருஷத்துல பழகல. வீடு வெறிச்சின்னு கெடக்கு மச்சான். எனக்கு அவ வேணும். பின் சீட்டுல புது இட்லித் துணி இருக்கு, ஒரு கறிவேப்பிலக் கன்னும் இருக்கு. பழசு பட்டுப் போச்சி, அத நீ சொல்லாத, நானே சொல்லிக்கறேன். இங்கேருந்து பாத்தா உன் மாடி தெரியுது. காஞ்ச துணியத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு கையால முட்டியப் புடிச்சிக்கிட்டு, ஒவ்வொரு படியா எறங்கறா. வலி இன்னும் போவல போலிருக்கு.

பூக்காரம்மா இருசம்மாள் உன் வீட்டுக்குத்தான் பூ குடுக்க வருதாம், அதுகிட்ட இந்தக் கவரக் குடுத்தனுப்பறேன். முன்னால எழுதினதெல்லாம் நீ படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுடு. கவருக்குள்ள என் விசில் இருக்கு. மலர்க்கொடி கையில குடு. இனிமே அது அவகிட்டயே இருக்கட்டும். மாடியில நின்னு ஒண்ணு ஊதினா நான் வர்றேன். ரெண்டு ஊதினா ஒண்ணும் கேக்காம வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடறேன், பிரேக்கப் பத்தி அவ பயப்பட வேணாம். கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, பாட்ட நிறுத்திட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்.